கரும்பொருளை அளந்தவர்கள்



அளவிடுவது அறிவியலின் எடுபிடி வேலை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. கோட்பாடு காண்பவர் மேதை, தசமப் புள்ளிக்குப் பின்னால் இன்னோர் இலக்கத்தைத் தேடுபவர் பணியாளர் என்று பிரித்துவைத்திருக்கிறோம். இது தவறு என்பதற்கு, அன்று பெர்லினை அடுத்திருந்த சார்லோட்டன்பர்க்கில் 1887இல் உருவான ஜெர்மானியப் பேரரசின் இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் 13 ஆண்டுகளே போதிய சான்று. தொழிலதிபர் வெர்னர் ஃபான் சீமன்ஸ் நிலம் கொடுத்தார். இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதல் தலைவரானார். கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்க ஒரு பிரிவு. அந்த அன்றாட நெருக்கடி இல்லாமல் அடிப்படை ஆய்வு செய்ய இன்னொரு பிரிவு. இந்த இரண்டாவதற்கும் இடம் வைத்தவர்களின் தொலைநோக்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எரிவாயு விளக்கும் மின்விளக்கும் போட்டியிட்ட காலம் அது. எதன் வெளிச்சம் கூடுதல் என்று தீர்ப்புச் சொல்ல நம்பகமான ஒளி அலகு தேவைப்பட்டது. சூடேறிய பொருளின் கதிர்வீச்சை அந்த நிறுவனத்தார் ஆராய்ந்ததற்கு அதுவும் முக்கியக் காரணம். அந்த ஆய்வுக்கு வேண்டிய, தன்மேல் விழும் கதிர் முழுவதையும் உறிஞ்சும் கரும்பொருள் அதுவரை ஏட்டில்தான் இருந்தது. சீரான வெப்பநிலையில் வைத்த உட்குழிவான கலத்தில் சிறு துளையிட்டால் அதை நடைமுறையில் பெறலாம் என்று 1895இல் அந்த நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் வீனும் லும்மரும் வழிகாட்டினார்கள். கரும்பொருளின் கதிர்வீச்சு எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்று சொல்ல மறு ஆண்டு வீன் வெளியிட்ட சூத்திரம் அளவீடுகளோடு நன்றாகவே பொருந்தியது. அதற்குக் கோட்பாட்டு அடிப்படை கண்டுவிட்டதாக கோட்பாட்டு இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க்கும் நம்பினார். பிறகுதான் லும்மரும் சக ஆய்வாளர் பிரிங்ஸ்ஹைமும் நீண்ட அலைநீளங்களில் விலகலைக் கண்டார்கள். 1900இல் இயற்பியலாளர்கள் ரூபென்ஸும் குர்ல்பௌமும் 51 மைக்ரோமீட்டர் வரை அளந்தபோது அந்தச் சூத்திரம் அங்கே செல்லாது என்பது உறுதியானது. அக்டோபரில் ரூபென்ஸ் முடிவைச் சொன்னதும் பிளாங்க் புதிய சூத்திரத்தை எழுதினார். டிசம்பர் 14 அன்று அவர் அதற்குத் தந்த விளக்கத்தில்தான் குவாண்டம் என்ற கருத்து பிறந்தது.

விளக்கியவர் பிளாங்க்தானே, அளந்தவர்களுக்குக் கைகொடுத்தது அதிர்ஷ்டம்தானே என்று நீங்கள் கேட்கலாம். 51 மைக்ரோமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. விளக்குக்காக மட்டும் அளந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். சூத்திரம் பொருந்திய இடத்தில் நின்றுவிடாமல், பொருந்துமா என்று தெரியாத இடத்துக்கு வேண்டுமென்றே போனார்கள். அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் தொழில்துறைக்கென்று தொடங்கிய நிறுவனம் பொதுப்பணத்தைத் திசைதிருப்பியதா? நியாயமான கேள்வி. ஆனால் ஒளி அலகு என்ற அந்தத் தேவையும் கைவிடப்படவில்லை. 1948இல் உலக நாடுகள் கேண்டெலா என்ற ஒளி அலகை ஏற்றபோது, பிளாட்டினம் உறையும் வெப்பநிலையில் உள்ள கரும்பொருளைக் கொண்டே அதை வரையறுத்தன.