எழுபது அடிப் படகில் ஒரு குடித்தனம்



ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளுக்குள் தொட்டில், தையல் இயந்திரம், ஊரிலிருந்து வந்த விருந்தினர் அனைத்தையும் அடக்கும் கலையில் நாம் தேர்ந்தவர்கள். நம்மையும் வியக்க வைக்கும் தம்பதியர் இருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். எல். டி. சி. ரோல்ட் என்பாரும் அவர் மனைவி ஏஞ்செலாவும் குடிபுகுந்த வீடு, ஏறத்தாழ 70 அடி நீளமும் 7 அடி அகலமுமே உடைய பழைய மரப்படகு. கிரெஸ்ஸி என்பது அதன் பெயர்.

அந்நாட்டுக் கால்வாய்களில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் ‘லாக்கு’கள் பல, 7 அடிப் படகு மட்டுமே நுழையும் அளவினவாய்க் கட்டப்பட்டவை. அவற்றில் குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்றன. பின்னர்ச் சரக்கெல்லாம் இருப்புப்பாதைக்குப் போயிற்று. (படகுக்காரர் பிழைப்பைக் கெடுத்த கூட்டத்தில் நாமும் சேர்த்திதான், என் செய்வது!)

ரோல்ட் நீராவி எஞ்ஜின் தொழிற்சாலையில் தொழில் பயின்றவர். 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இருவரும் பிறரறியாமல் மணம் புரிந்துகொண்டனர். அவ்வேளையில் படகு, பான்பரி நகரில் டூலி குடும்பத்தாரின் பட்டறையில் செப்பனிடப்பட்டுக்கொண்டிருந்தது.

பழம்படகு வாங்குவோர் முதலில் அறையையும் அலமாரியையும் நோக்குவர். பட்டறைக்காரரோ அடிப்பலகையை நோக்குவார். நீரை வடித்த துறையில் படகை நிறுத்தி, பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, இற்றதை நீக்கிப் புதிய மரம் பதிப்பர். இடுக்குகளில் தார் தோய்ந்த நாரைத் திணித்து இறுக்குவர். நம் தோணிக்காரர்கள் கலப்பத்து என்பது இதனையே. தார், மாட்டுமயிர், குதிரை இலத்தி மூன்றையும் காய்ச்சிப் பூசுவதும் அந்நாட்டுப் பட்டறைகளின் பழைய வழக்கம். நாற்றம் எப்படியிருந்திருக்கும் என்பதைத் தாய்மார்களே ஊகித்துக்கொள்க! ஓட்டுவதற்கு ஃபோர்டு ‘டி’ மாடல் காரின் எஞ்ஜின். உள்ளே அடுப்பும் நூல்களும் இருந்ததில் வியப்பில்லை. அந்த 7 அடிக்குள் குளியல் தொட்டியும் அமைத்தார்களே, அதைத்தான் நாம் மெச்சுகிறோம்.

ஜூலை 27-ஆம் நாள் புறப்பட்டனர். செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்தின் பெரும்பகுதி டார்டபிக் என்னும் ஊரில் படகிலேயே கழிந்தது. ரோல்ட் தம் பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1944-இல் வெளிவந்தது. பாழாகிக்கொண்டிருந்த கால்வாய்களைக் காக்க 1946-இல் ஒரு சங்கம் தோன்றியதற்கு அந்நூலே வித்து.

படகு நிலைக்கவில்லை. மரம் மீண்டும் இற்று, பழுது பார்க்கத் தகாதென 1951-இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டே கணவனும் மனைவியும் பிரிந்தனர். ‘பிறகு எதற்கு அத்தனை பாடு?’ என்று கேட்கத் தோன்றும். ஓய்வுபெறும் நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டிய குவார்ட்டர்ஸிலும் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்து, வாசலில் துளசி வைப்பவர்கள் நாம். அக்கேள்வி நம் வாயில் வாராது. பன்னிரண்டு ஆண்டுகள் அப்படகு அவர்களுக்கு வீடாயிருந்தது.

அதற்கு முந்தைய 1950-ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் டாலிலின் என்னும் சிறு ரயில் பாதை மூடப்படும் நிலையிலிருந்தபோது, ரோல்ட் முன்னின்று தொண்டர்களைக் கூட்டினார். தொண்டர்கள் ஏற்று நடத்திய ரயில் பாதைகளுள் உலகிலேயே முதலாவது அதுவே. அங்கும் முதல் வேலை அடியைப் பார்ப்பதுதான்: ஸ்லீப்பர்க் கட்டைகள் இற்றுப்போய், புல்லின் பிடியில் தண்டவாளம் நின்றுகொண்டிருந்தது. கட்டை கட்டையாக மாற்றினார்கள். அப்பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது.