ஊர்தி ஒலியும் செவிச் செல்வமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், காத்திவாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காரிலோ லாரியிலோ ஒலிக்கருவியைத் தன் கையாலேயே பொருத்திக்கொள்ளும் தொழிலாளியின் வேலை, இலக்கிய மேடைக்கு உரிய பொருளா என்ற வினா எழலாம். எழுவது இயல்பே. ஆயினும் தமிழ்க் கவிதை கண்ணுக்கு உரியதாவதற்கு முன்பே செவிக்கு உரியதாக இருந்தது. செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என ஓசையைக் கொண்டே பாக்களை இனங்கண்டனர் இலக்கணப் புலவர். வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்தார். அத்தகைய மொழி இன்று மிகுதியாகக் கேட்கப்படும் இடங்களுள் ஒன்று ஊர்தியின் உட்புறம். அங்கே ஒலி எவ்வாறு வந்து சேர்கிறது, எவ்வளவு தெளிவாகச் சேர்கிறது, அதைக் கேட்கும் செவி எந்நிலையில் இருக்கிறது என்பன கவிஞர்களுக்கு அயலான செய்திகள் அல்ல.

காத்திவாக்கத்துக்கும் ஊர்திக்கும் உள்ள உறவு பழையது. 1948ஆம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்பார் தம் மகன் பெயரால் 'அசோக் மோட்டார்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே எண்ணூர்த் தொழிற்கூடத்தில் ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பட்டன. லாரிக்கும் பேருந்துக்கும் பெயர் பெற்ற இவ்வூரின் முதல் வண்டி கார் என்பது பலர் மறந்த செய்தி. 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. 1955இல் 'அசோக் லேலண்ட்' என்ற பெயர் வந்தது.

அத்தொழிற்கூடத்திலிருந்து வெளிவந்த லாரிகளுள் பல, முழு வண்டிகள் அல்ல. இயந்திரமும் சக்கரமும் தாங்கிய வெறுஞ் 'சேசிஸ்'களே அவை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலுக்கும் புழுதிக்கும் கண்ணாடி அணிந்து, கூரையற்ற இருக்கையில் அமர்ந்து, ஓட்டுநர்கள் அவற்றை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்ற காட்சி இப்பகுதி மக்களுக்குப் பழக்கமானது. கூடு கட்டுவது வேறு ஊரில். லாரிக்கு நாமக்கல், பேருந்துக்குக் கரூர் என அத்தொழில் புகழ்பெற்றது. ஆகவே ஊர்தி என்பது ஒரே கூடத்தில் முற்றுப்பெறும் பொருள் அன்று. பல கைகள் வழியாக நிறைவெய்துவது. கொல்லர் கை, தச்சர் கை, வண்ணம் தீட்டுவோர் கை ஆகிய அனைத்தும் முடிந்தபின், இறுதியாக ஓட்டுநரின் கை சேர்ப்பது ஒன்று உண்டு. அதுதான் பாட்டுப்பெட்டி. கூட்டை வீடாக்குவது அதுவே.

ஊர்தியில் ஒலி புகுந்த வரலாற்றிலும் இந்தக் கைவேலையே முதலாக நிற்கிறது. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் தம் சொந்தக் காரில் வானொலிக் கருவி ஒன்றைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு அதை ஓட்டிச் சென்றார். மண்டபத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, வருவோர் போவோரைக் கேட்கச் செய்தார். 'மோட்டோரோலா' என்ற வணிகப்பெயர் பிறந்தது அவ்வாறே. கடன் பெறும் பொருட்டு வங்கியாளர் ஒருவரின் காரில் அக்கருவியைப் பொருத்தியபோது, சிறிது நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றியது என்றொரு கதையும் வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், அதன் பாடம் இன்றும் பழையதாகவில்லை.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. நிலையத்தார் ஒலிபரப்புவதை மட்டுமே கேட்டுவந்த பயணி, தான் விரும்பியதைத் தானே தெரிந்தெடுத்துக் கேட்கும் உரிமையைப் பெற்றார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரத்துக்காகச் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே 1969இல் தோன்றிய பர்மா பஜார், வெளிநாட்டு ஒலிக்கருவிகளைத் தொழிலாளியின் கைக்கெட்டும் தொலைவில் கொண்டுவந்தது. கம்பி, சொருகி, ஒலிபெருக்கி முதலிய உதிரிகளுக்கு ரிச்சி தெரு. பழைய ஊர்திகளிலிருந்து கழற்றிய கருவிகளுக்குப் புதுப்பேட்டை. இம்மூன்று இடங்களும் இருக்க, கையில் திறனும் இருக்க, பொருத்துகூலி எதற்கு என்று வடசென்னைத் தொழிலாளி எண்ணியதில் வியப்பில்லை. ஒலிநாடாவும் குறுந்தகடும் வழக்கொழிந்து, கைப்பேசியே பாட்டுப்பெட்டியாகிவிட்ட இந்நாளிலும் இணைக்கும் முறை பெரிதும் மாறவில்லை.

அம்முறையைச் சற்று விரிவாகக் காண்பது நலம். முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். கருவியின் பின்புறம் வரும் கம்பிகளுக்கு நிறமே மொழி. மஞ்சள், மின்கலத்தோடு என்றும் தொடர்பில் இருப்பது. கருவியின் நினைவைக் காப்பது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது. இவ்விரண்டையும் சேர்த்து முறுக்கி நேரே மின்கலத்தில் இணைப்பவர் உண்டு. சாவியை எடுத்த பின்னும் கருவி விழித்தே இருக்கும். நாள்தோறும் ஓட்டாத வண்டியாயின், ஒரு நாள் காலையில் இயந்திரம் அசையாது. கறுப்பு, 'எர்த்' எனப்படும் நிலத்தொடர்பு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கும் ஒலிபெருக்கிகளுக்கு உரியவை. கறுப்புக் கோடிட்ட இணை எதிர்முனை.

தனியே பெருக்கி வைப்பவர் மின்கலத்திலிருந்து தடித்த கம்பியை இழுக்கிறார். அக்கம்பியில், நேர்முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் 'பியூஸ்' இருத்தல் வேண்டும். பியூஸ் கருவியைக் காப்பது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது கம்பியைக் காப்பது. வழியில் எங்கேனும் கம்பி உரசித் தகட்டில் பட்டால், பியூசுக்கு முந்திய பகுதிக்குக் காவல் இல்லை. வங்கியாளர் கதையின் பாடம் இதுவே.

லாரியில் மற்றொரு சிக்கல் உண்டு. காரின் மின்னழுத்தம் 12 வோல்ட். கனரக லாரியினுடையது 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பாட்டுப்பெட்டிக்கு 12 வோல்ட் போதுமே என்று ஒரு மின்கலத்திலிருந்து மட்டும் எடுத்தால், பாட்டு என்னவோ நன்றாகவே கேட்கும். ஆனால் அந்த மின்கலம் நாள்தோறும் வற்றும். மற்றொன்று அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்றுக் கொதிக்கும். இரண்டும் விரைவில் கெடும். 24ஐ 12ஆகக் குறைக்கும் சிறு கருவியை இடையில் வைப்பதே முறை. ஒரே சுமையை இழுக்கும் இருவருள் ஒருவரிடம் மட்டும் மேலும் வேலை வாங்கினால் இருவருமே வீழ்வர் என்பது தொழிற்சங்கம் வளர்ந்த மண்ணுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று.

நிலத்தொடர்பு கொடுக்கும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி, இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். காத்திவாக்கம் கொசத்தலையாற்றுக் கழிமுகத்தையும் கடலையும் ஒட்டிய ஊர். உப்புக்காற்று இங்கே இரும்பை விட்டுவைப்பதில்லை. ஆகவே அவ்விணைப்பின்மீது மசகு பூசி வைப்பது தேவை. துருப்பிடித்த நிலத்தொடர்பு, இயந்திரத்தின் வேகத்தோடு ஏறியும் இறங்கியும் ஒலிக்கும் கீச்சொலியாகப் பாட்டினுள் நுழையும். கருவியைக் குறைகூறிப் புதிது வாங்குவோர் பலர்; சுரண்டித் துடைத்தால் தீர்ந்துவிடும் குறை அது.

ஒலிபெருக்கிகளின் நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிடலாகாது. ஒன்று முன்னோக்கித் தள்ளும்போது மற்றொன்று பின்னோக்கி இழுக்குமாயின், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தவிலின் தொப்பி ஒலி காணாமற்போகும். ஒரு பென்சில் மின்கலத்தை ஒலிபெருக்கியின் முனைகளில் நொடிப்பொழுது தொட்டுப் பார்த்தால், கூம்பு வெளிநோக்கி அசையும் இணைப்பே சரியான இணைப்பு. கதவில் துளையிடுமுன் கண்ணாடியை முழுதும் இறக்கிப் பார்த்தல், கதவுக்குள் செல்லும் கம்பியை இரப்பர் வளையத்தின் வழியாகச் செலுத்துதல், கதவின் வெற்றுத் துளைகளை அடைத்தல் என்பன அனுபவம் கற்பிக்கும் நுட்பங்கள்.

இத்துணைப் பொறுமையோடு பொருத்திய கருவியை எவ்வளவு உரக்க வைப்பது? பேச்சின் உயிர்நிலை இங்கேயே உள்ளது.

அட்டையில் 50 வாட் என அச்சிட்டிருக்கும் கருவி, ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் நீடித்துத் தருவது 20 வாட் அளவே. அதை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. செவிக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்றப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே உரப்பைத் துரத்துவது செலவுக்கு எல்லையில்லாத ஓட்டம். அதைவிடப் பெரிய இழப்பு செவியில் நேர்வது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது தீங்கு என்பது மருத்துவ உலகின் கணக்கு; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும்.

அழுத்தப் பொறிகளின் நடுவே, வார்ப்படச் சாலையின் இரைச்சலில் பகலெல்லாம் நின்ற தொழிலாளி மாலையில் வண்டியில் ஏறுகிறார். பாட்டு மெல்லியதாகத் தோன்றுகிறது. குமிழைத் திருப்பி உரப்பைக் கூட்டுகிறார், அப்போதும் நிறைவில்லை. இரவு உறங்கி எழுந்து மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால், அதே பாட்டு அலறுகிறது. திடுக்கிட்டுக் குறைக்கிறார். இது பலர் கண்ட அனுபவம். காரணத்தை எண்ணியவர் சிலரே. கருவி மாறவில்லை, மாலையில் செவி மரத்திருந்தது. ஓய்வில் அது மீண்டது. நாள்தோறும் மரத்து மரத்து மீளும் செவி, ஒருநாள் மீளாமலே நின்றுவிடும்.

அவ்வாறு கெடும் செவி முதலில் இழப்பது எதை? ஏறத்தாழ 4000 ஹெர்ட்சு அளவிலான உயர்ந்த அதிர்வுகளை. பேச்சில் அந்த உயரத்தில் வாழ்பவை பெரும்பாலும் மெய்யொலிகள். குறிப்பாக, நொடியில் வெடித்து மறையும் வல்லினங்கள். உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வுகளில் இருப்பதால் அவை நெடுநாள் கேட்கும். 'பட்டு', 'தட்டு', 'கட்டு' மூன்றும் அச்செவிக்கு ஒன்றே. பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. உயிர் கேட்கும், மெய் கேட்காது. மோனையை எங்ஙனம் துய்ப்பது? வல்லோசை மெல்லோசை வேறுபாட்டை எங்ஙனம் உணர்வது? நாவும் அண்ணமும் இதழும் கூடி எழுத்துப் பிறக்கும் முறையைப் பிறப்பியலில் வகுத்துரைத்தது தொல்காப்பியம். அங்ஙனம் பிறந்த எழுத்து போய்ச்சேரும் இடமும் காக்கப்பட வேண்டாவா?

ஆகவே, கருவியைப் பொருத்தி முடித்தவர் அதைச் சோதிக்கத் தாளம் அதிரும் பாடலைத் தேடுதல் வேண்டா. மனிதக் குரல் ஒன்று தமிழ் படிப்பதை ஒலிக்கச் செய்து, நின்ற வண்டியில் கேட்டுப் பார்க்கலாம். தாழ்ந்த அளவிலேயே ஒவ்வொரு வல்லினமும் தெளிவாக விழுந்தால் இணைப்பு நன்று. உரக்க வைத்தால்தான் சொல் விளங்கும் என்றால் குறை உரப்பில் இல்லை. நிலத்தொடர்பிலோ, முனைமாற்றத்திலோ, செவியிலோ உள்ளது. மேலும், பின்வரும் வண்டியின் ஒலிப்பானும் அவசர ஊர்தியின் ஓலமும் உள்ளே கேட்கும் அளவே சாலைக்கு ஏற்ற அளவு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. கடலிலிருந்து வந்து பகலில் உறங்கும் மீனவரும், இரவு வேலை முடித்து வந்தவரும் வாழும் தெருக்களில் அவ்வரம்பு ஏட்டோடு நின்றுவிடலாகாது.

இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் எண்ணிப் பார்க்கத்தக்க பணி ஒன்று உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாயிலை நோக்கிக் கொள்கலன் வண்டிகள் மணிக்கணக்காக, சில காலங்களில் நாட்கணக்காகவும் வரிசையில் நின்றது இப்பகுதி அறிந்த வரலாறு. அக்கூடுகளில் தனித்திருந்தவர்களுக்குத் துணை, தாமே பொருத்திக்கொண்ட பாட்டுப்பெட்டி. அதில் ஒலித்தவை திரைப்பாடல், பக்திப்பாடல், கானா. வட்டத்துக் கவிதை ஒன்றேனும் அங்கே ஒலித்ததுண்டா? வீணை குப்பையரும் அவர்தம் மைந்தர் திருவொற்றியூர் தியாகையரும் இசை வளர்த்த பகுதி இது. கவியரங்குகளை வானொலி வழியே வீடுதோறும் கேட்ட தலைமுறையும் இங்கே உண்டு. கவிஞர்கள் தம் கவிதைகளைத் தாமே படித்துப் பதிவு செய்து அவ்வண்டிகளுக்கு வழங்கலாம். பின்னணியில் இசை வேண்டா. எழுத்துக்கு எழுத்து விளங்கும் உச்சரிப்பு போதும். கைதட்டும் அவையின் முன் எடுபடும் வரிகளுள் எத்தனை, தனியே அமர்ந்து கேட்கும் ஓர் ஓட்டுநரிடம் எடுபடும் என்பதும் அப்போது தெரியவரும். அச்சேறுவதைவிடக் கடுமையான தேர்வு அது.

துருவைச் சுரண்டி, முனை பார்த்து, அளவறிந்து இணைத்த தொழிலாளி தன் பங்கைச் செய்துவிட்டார். கேட்கத் தகுந்ததை அக்கருவியில் ஒலிக்கச் செய்வது கவிஞர்களின் பங்கு. பத்தாண்டு கண்ட வட்டம் பல்லாண்டு வாழ்க.