விரல் நகத்தில் ஓர் அச்சுக்கலை

(ஜார்ஜ் டவுனில், தோட்டக் குடும்பத்துப் பெண்களுக்காக நடைபெற்ற கைவினை வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். நகத்துக்குச் சாயம் பூசுவதும் அதன்மேல் சித்திரம் பதிப்பதும் பட்டணத்தாரின் பொழுதுபோக்கு. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு அது எதற்கு என்று கேட்பாரும் உண்டு. ஆனால் மரம் வெட்டுகிறவரின் கைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றும்போதும், ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுக்கும்போதும், நக இடுக்கில் ரப்பர் காய்ந்து கறுத்துப்போகிறது. அந்தக் கறைக்கு நாணித் திருமண வீட்டில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே இருக்கின்றனர். உழைத்த கை ஒருபோதும் நாணத்துக்குரியதாகாது. அதனை அழகுசெய்துகொள்ளும் உரிமை உழைப்பாளிக்கும் உண்டு. அந்த அழகு உடல்நலத்தையும் வீட்டுச் செலவையும் குலைக்காதிருக்க வேண்டும் என்பதே நான் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

நகத்துக்கு நிறமூட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. மருதாணி இலையை அரைத்து இரவில் விரல்நுனிக்குக் குப்பி வைத்துக்கொண்டு உறங்கிய நினைவு இங்குள்ள பலருக்கும் இருக்கும். மலாய்ச் சகோதரிகள் திருமணத்துக்கு முன் 'பெரினாய்' இரவு நடத்துகின்றனர். கொரிய நாட்டுப் பெண்கள் காசித்தும்பைப் பூவை அரைத்து நகத்தில் கட்டிச் சிவக்கவைப்பர். பண்டைய எகிப்தியரும் மருதாணியை அறிந்திருந்தனர். மருதாணி இலையிலுள்ள 'லாசோன்' எனும் சாயப்பொருள் நகத்தின் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. ஆதலால் எவ்வளவு கழுவினாலும் அது போகாது. நகம் வளர்ந்து வெட்டுப்படும்போதுதான் மறையும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. நகம் முழுவதும் புதிதாக வளர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

கடையில் விற்கும் நகப்பூச்சு வேறு இனத்தைச் சேர்ந்தது. அது நகத்தோடு பிணைவதில்லை. மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை எளிதில் ஆவியாகும் நீர்மங்களில் கரைத்து, நிறமும் பளபளப்பும் சேர்த்து இது செய்யப்படுகிறது. 1920ஆம் ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளுக்குப் பூசப்பட்ட விரைவில் உலரும் வண்ணமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். 1932இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ரெவ்லோன் நிறுவனம், அடிநகம் தெரியாதவாறு மறைக்கும் அடர்ந்த நிறப் பூச்சுகளால் பெயர் பெற்றது.

இனி, நகத்தில் முத்திரை பதிக்கும் கலைக்கு வருவோம். கொரியாவின் கோனாட் போன்ற நிறுவனங்கள் இதற்கான சிறு உலோகத் தட்டுகளை உலகெங்கும் பரப்பின. பினாங்கில் வாழும் நமக்கு இதன் அடிப்படை புரியாத ஒன்றன்று. பாத்தேக் துணி செய்வோர் செம்பு அச்சை உருகிய மெழுகில் தோய்த்துத் துணியில் பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்தேக் முறையை ஓவியக் கலையாக உயர்த்திய சுவா தியான் தெங் வாழ்ந்ததும் இந்தப் பினாங்கில்தான். நகமுத்திரையில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு உலோகத்தில் சித்திரம் மேடாக இராது; பள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் தங்கிய பூச்சை மென்மையான முத்திரைக்கட்டை எடுத்துக்கொண்டு நகத்தில் இறக்கி வைக்கும். முத்திரைக்கட்டையின் முகம் முன்னர் ரப்பராலும் இன்று பெரும்பாலும் சிலிக்கோனாலும் செய்யப்படுகிறது. மென்மையாக இருப்பதால்தான் அது வளைந்த நகத்தோடு படிந்து கொடுக்கிறது.

இதற்குத் தேவையானவை சித்திரத் தட்டு, முத்திரைக்கட்டை, வழிப்பதற்கு ஓர் அட்டை, அடர்த்தியான நகப்பூச்சு ஆகிய நான்குமே. காலாவதியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றிருந்தால் வழிப்பான் வாங்க வேண்டியதில்லை.

முதலில் நகத்தைச் சுத்தம் செய்து அடிப்பூச்சும் நிறப்பூச்சும் இட்டு முழுதும் உலரவிடுங்கள். அரைகுறையாக உலர்ந்திருந்தால் முத்திரை வைக்கும்போது அடிநிறமும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். அடுத்து, தட்டின் சித்திரத்தின்மேல் சிறிது பூச்சை இட்டு, அட்டையைச் சாய்வாகப் பிடித்து ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் பூச்சு நிற்கும். உடனே முத்திரைக்கட்டையைத் தட்டின்மேல் உருட்டி எடுத்து, நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்ல உருட்டுங்கள். சில நொடிகளுக்குள் இவையெல்லாம் முடிய வேண்டும். பூச்சு காய்ந்துவிட்டால் சித்திரம் பள்ளத்திலேயே தங்கிவிடும். அழுத்திக் குத்துவதால் பயனில்லை; கை விரைவும் மென்மையும் ஒருசேர அமைய வேண்டும். மரத்தின் உட்பகுதிக்குக் காயம்படாமல் பட்டையை மெல்லிதாகச் சீவத் தெரிந்த கைக்கு இது விரைவில் வசப்படும் என்பது என் நம்பிக்கை.

தொடக்கத்தில் நகத்தில் பழக வேண்டாம். வெள்ளைத்தாளிலும் பிளாஸ்டிக் உறையிலும் பத்து இருபது முறை பதித்துப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய பூச்சுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எது தெளிவாகப் பதிகிறது என்று ஏட்டில் குறித்து வையுங்கள். நீர்த்த நிறங்கள் மங்கிப்போகும். கறுப்பு, வெள்ளை, அடர்ந்த செந்நிறம் போன்றவை பெரும்பாலும் நன்கு பதியும். முத்திரைக்கட்டையின் மேலேயே சித்திரத்தின் கட்டங்களில் வண்ணங்களை நிரப்பி, காய்ந்தபின் நகத்துக்கு மாற்றுவது அடுத்த படி. கெட்டியாகிவிட்ட பூச்சில் அதற்கென விற்கும் கரைப்பானைத் துளித்துளியாகச் சேர்க்கலாம். பூச்சை அழிக்கும் அசெட்டோனைப் புட்டியில் ஊற்றினால் பூச்சின் தன்மையே கெட்டுப்போகும். முத்திரைக்கட்டையின் முகத்தையும் அசெட்டோனால் துடைக்காமல் ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்துச் சுத்தம் செய்வது நலம். பதித்த சித்திரம் சற்று உலர்ந்தபின், மேற்பூச்சைத் தூரிகை அழுந்தாமல் ஒரே வீச்சில் இட்டால் சித்திரம் கலையாது.

ரப்பர்த் தோட்டத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. முத்திரை பதிக்கும்போது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் பூச்சு படுவது இயல்பு. அதைத் தடுக்க நகக்கலைஞர்கள் சிறு புட்டியில் வரும் ஒரு பாலைத் தோலில் தடவி, உலர்ந்தபின் உரித்தெடுக்கின்றனர். அவ்வகைப் புட்டிகள் பலவற்றிலும் இருப்பது இயற்கை ரப்பர்ப் பாலே. தோட்டத்தில் துளித்துளியாய்ச் சேர்ந்த பால், எங்கோ பதப்பட்டு, ஒரு மணமகளின் விரலைக் காக்கத் திரும்பி வருகிறது. இதைக் கேட்டு, மங்கிலுள்ள பாலையே எடுத்துத் தடவிவிடலாம் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். அது இப்பயனுக்காகப் பதப்படுத்தப்பட்டதன்று. அதில் தூசும் கிருமியும் கலந்திருக்கும். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமோ, உறையாமல் காக்கும் அம்மோனியாவோ சேர்ந்திருந்தால் தோல் புண்ணாகும். ரப்பர் கையுறை அணிந்தால் அரிப்போ தடிப்போ காண்பவர்கள் புட்டியில் வரும் பாலையும் தவிர்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இவ்வுரையை முடித்தால் நான் கடமை தவறியவனாவேன். நகப்பூச்சும் அசெட்டோனும் மிக எளிதில் தீப்பற்றக்கூடியவை. உறைநிலைக்குக் கீழ்ப்பட்ட குளிரிலும் அசெட்டோனின் ஆவி தீப்பற்ற வல்லது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தவழ்ந்து செல்லும். ஆகவே எரியும் அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், சிகரெட்டு ஆகியவை இருக்கும் இடத்தில் நகப்பூச்சைத் திறக்கவே கூடாது. பலகாரம் சுடும் அடுப்பங்கரையிலேயே அமர்ந்து நகம் பூசுவது பண்டிகைக்கு முந்தைய இரவில் பல வீடுகளில் நடக்கிறது. அது பெரும் ஆபத்து. சன்னலைத் திறந்து வைத்துக் கூடத்தில் அமருங்கள். காற்றாடி நேரே வீசினால் தட்டிலுள்ள பூச்சு காய்ந்துவிடும். காற்று அறைக்குள் வந்து வெளியேறினாலே போதும். நனைந்த பஞ்சை மூடியுள்ள குப்பையில் இட்டு, புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் ஒப்பனைப் பொருள்களைச் சந்தையில் விடுவோர், சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிப்புச் செய்ய வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்பட்ட பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் வழங்கப்படும். பெயரும் முகவரியும் இல்லாத மலிவுப் புட்டியைக் காட்டிலும், எண்ணைச் சரிபார்க்கக்கூடிய பொருளே மேல். மருதாணியிலும் ஏமாற்று உண்டு. லிட்டில் இந்தியாவிலும் லெபோ பசாரிலும் பண்டிகைக் காலத்தில் மருதாணிக் கூம்புகள் வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்க: இயற்கை மருதாணி செம்பழுப்பாகவே சிவக்கும். சில நிமிடங்களில் கருநிறம் தரும் 'கறுப்பு மருதாணி'யில் பி.பி.டி. எனும் தலைமயிர்ச் சாயப்பொருள் கலந்திருக்கக்கூடும். அது தோலில் கொப்புளமும் ஆறாத தழும்பும் உண்டாக்க வல்லது.

விளக்கொளியில் உலர்த்தும் ஜெல் பூச்சைப் பயிற்சியின்றி வீட்டில் கையாள வேண்டாம். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் நீடித்த ஒவ்வாமை ஏற்படலாம். நகம் மஞ்சளித்தோ தடித்தோ பிளந்தோ இருந்தால் அதைப் பூச்சால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது பூச்சை அழித்துவிடுங்கள். உயிர்வளி அளவைக் காட்டும் விரல்கருவியின் கணக்கை அடர்ந்த பூச்சு தவறாக்கக்கூடும். சமைத்து விற்போரும் வேலை நாட்களில் பூச்சைத் தவிர்த்து நகத்தைக் குறுக வெட்டியிருப்பதே தூய்மை.

இக்கலையில் தேர்ச்சி பெற்றவர்கள் திருமணக் காலங்களில் சிறு வருவாயும் காணலாம். பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்ட இக்காலத்தில், கையோடு ஒரு தொழில் இருப்பது நற்றுணை. தொழிலாக நடத்த முனைவோர் தொடங்கிய முப்பது நாட்களுக்குள் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். கடை வைப்பதாயின் தீவில் பினாங்குத் தீவு மாநகர மன்றத்திடமும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர மன்றத்திடமும் உரிமம் பற்றிக் கேட்டறியுங்கள். வரவையும் செலவையும் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள். புதுத் தட்டு ஒன்று வாங்குமுன், கையிலுள்ள தட்டின் சித்திரங்கள் அனைத்தையும் பதிக்கக் கற்றுக்கொண்டோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகள் நகத்தில் பூ வரைவதைக் கண்டு வீண் ஆடம்பரம் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அவள் எங்கே அமர்ந்து பூசுகிறாள், என்ன வாங்குகிறாள், எவ்வளவு செலவிடுகிறாள் என்பதை அன்போடு கவனித்து வாருங்கள். அளவும் பொறுமையும் தூய்மையும் இக்கலையின் வழியே அவள் கற்றுக்கொள்வாளாயின், அந்த நற்பழக்கங்கள் பூச்சு அழிந்த பின்னும் அவளிடம் நிலைத்திருக்கும்.