உப்பும் நாவும்



ஆசிரியன் ஒருவன் தான் செய்த பிழையை ஒப்புக்கொள்வதற்கு வானொலி தக்க இடம் என்று எண்ணுகிறேன். என் பழைய மாணவர்களுள் சிலரேனும் இதனைக் கேட்கக்கூடும் அல்லவா?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருவரங்கத்தில் பாடம் சொன்னவன் நான். ஐம்புலன்களைப் பற்றிய பாடம் வந்தால் கரும்பலகையில் பெரியதொரு நாக்கை வரைவேன். நுனியில் இனிப்பு, அதனை அடுத்த இரு ஓரங்களில் உப்பு, அதற்கும் பின்னே புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று எல்லை வகுத்து எழுதுவேன். ஒரு நாள் ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, எனக்கு நாக்கின் நுனியிலும் உப்புக் கரிக்கிறதே!” என்றான். “படத்தைப் பார், உட்கார்” என்றேன். தேர்விலும் அவன் அவ்வாறே எழுதினான், மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவன் சொன்னதே உண்மை. 1901-ஆம் ஆண்டில் ஹேனிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், நாக்கின் விளிம்பில் சுவையுணர்ச்சி இடத்திற்கிடம் சிறிதளவு கூடிக் குறைவதைக் கண்டார். பின்வந்த நூல்கள் அச்சிறு வேறுபாட்டை நாட்டு எல்லைபோல் ஆக்கிவிட்டன. சுவை மொட்டுகள் உள்ள இடமெங்கும் எல்லாச் சுவையும் தெரியும். ஒரு மொட்டில் 50 முதல் 100 வரை உயிரணுக்கள் உள்ளன. சுவைக்கேற்ப அவை வேறுபடுகின்றன.

உப்பை அறிய இத்துணை ஏற்பாடு எதற்கு? 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் இதே திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்தது எதற்காக? ஏழையின் கூழுக்கும் உப்பு வேண்டும் என்பதற்காகவே. நரம்பும் தசையும் இயங்கச் சோடியம் வேண்டும். உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. ஆகவே, அது உணவில் உண்டா என்று நா சோதிக்கிறது.

சோதிக்கும் முறையைக் கேளுங்கள். உப்பு உமிழ்நீரில் கரைந்தவுடன் சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிகிறது. உப்பை விரும்பி அறியும் உயிரணுவின் மேலுறையில், புரதத்தால் ஆன நுண்ணிய மதகுகள் இருக்கின்றன. அவை சோடியத்தை உள்ளே விடும், பொட்டாசியத்தை விடா. உயிரணுவின் உள்ளே சோடியம் குறைவு. அங்கே மின்னிலையும் எதிர்மறையானது. எனவே நேர்மின் கொண்ட சோடியம் மதகின் வழியே உட்பாய்கிறது. மின்னிலை மாறுகிறது, உயிரணு ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது; அதனால் கிளர்ச்சியுற்ற நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது.

2010-ஆம் ஆண்டில் சார்லஸ் ஸுக்கர், நிக்கோலஸ் ரைபா ஆகியோரின் குழுவினர், சுவையணுக்களில் இம்மதகு அமையாத எலிகளை உருவாக்கினர. அவ்வெலிகள் இளஞ்சுவையான உப்பை நாடவில்லை. ஆயினும், செறிந்த உப்புநீரைக் கண்டு விலகின! அப்படியானால், விலக்கும் செய்தி வேறு வழியில் செல்லவேண்டும். 2013-இல் அவ்வழியும் தெரிந்தது. உப்பு மிகும்போது, கசப்பையும் புளிப்பையும் அறியும் உயிரணுக்கள் கிளர்ச்சியுறுகின்றன. அவ்விரண்டையும் செயலிழக்கச் செய்தபோது, எலிகள் செறிந்த உப்பையும் வெறுக்கவில்லை.

நம் ஊருக்கு மேற்கே முக்கொம்பை நினைத்துப் பாருங்கள். வேண்டிய நீர் காவிரி வழியே கழனிக்குச் செல்கிறது. மிகுந்த வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போகிறது. அவ்விரு ஆறுகளுக்கு நடுவே திருவரங்கம் இருப்பதுபோல, “கொள்” என்னும் வழிக்கும் “தள்” என்னும் வழிக்கும் நடுவே நம் உணவின் உப்பு இருக்கிறது.

எலியின் நாவில் கண்ட இம்மதகு மனித நாவில் எவ்வளவு பங்கு கொள்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. ஆயினும், அளவறிதல் நமக்கும் கடமையே. நாள் ஒன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக, இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் மிகுந்ததால் மருத்துவர் சொற்படி நானும் உப்பைக் குறைத்தேன். முதலிரு வாரங்கள் குழம்பு சப்பென்றிருந்தது. பின்னர் நா பழகிவிட்டது. இன்று பழைய அளவில் இட்டால் எனக்குக் கரிக்கிறது.

மாணவர்களே, இன்று சிறிது உப்பை நாவின் நுனியில் வைத்துப் பாருங்கள். நூல் சொல்வதும் நா சொல்வதும் மாறுபட்டால், மீண்டும் சோதியுங்கள். பிறகு பணிவோடு எழுந்து நின்று சொல்லுங்கள். அன்றைய அச்சிறுவன் இன்று எங்கிருந்தேனும் கேட்டுக்கொண்டிருந்தால், தம்பி, அன்று நான் குறைத்த மதிப்பெண்ணை இன்று உனக்குத் தருகிறேன்.