உணவுப் பட்டியலும் ஒரு விற்பனையாளரே



உணவகத்தில் நம்மிடம் முதலில் பேசுவது யார்? பணியாளர் என்பீர்கள். அவர் வருவதற்குள் மேசையிலுள்ள உணவுப் பட்டியல் பேசத் தொடங்கிவிடுகிறது. அது ஓசையின்றிப் பேசுவதால், எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

விலை எழுதும் விதத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே உணவகத்தில் மதிய உணவுக்கு வந்தவர்களில் சிலருக்கு டாலர் குறியுடன் விலை அச்சிட்ட பட்டியல் தரப்பட்டது. சிலருக்கு விலை எழுத்தால் எழுதப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு வெறும் எண் மட்டும். வெறும் எண்ணைப் பார்த்தவர்களே அதிகம் செலவழித்தனர்!

நம் சிங்கப்பூரில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளும் நிற்பதுண்டு. 20 வெள்ளி உணவுடன் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்தால் 22 வெள்ளி. அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்தால் 23 வெள்ளி 98 காசு. நால்வர் சாப்பிட்டால் பட்டியலில் 80 வெள்ளி, ரசீதில் 95 வெள்ளி 92 காசு. சட்டம் இதற்கு இடமளிக்கிறது. ஆனால், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அந்த 16 வெள்ளி சிறு தொகையா?

பணத்தைவிடப் பெரியது உடல்நலம். காப்பிக்கடையில் 'தே' என்று மட்டும் கேட்டால் இனிப்பான கெட்டிப்பால் கலந்து வரும். 'தே ஓ' என்றால் பால் இருக்காது, சீனி இருக்கும். சீனி வேண்டாமென்றால் 'கோசோங்' என்று கூடுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இனிப்பு கேட்காமலே வருகிறது. இனிப்பில்லாததைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தயங்கும் நீரிழிவு நோயாளிகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

பட்டியலுக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பதால் அதை நல்லதற்கும் பயன்படுத்தலாம். 2023 டிசம்பர் 30 முதல், கடைகளில் உடனுக்குடன் கலக்கித் தரும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' விதி வந்துள்ளது. சீனியோ நிறைவுற்ற கொழுப்போ மிகுந்த 'சி', 'டி' பானங்களின் தரத்தைப் பட்டியலிலேயே காட்ட வேண்டும். சிறு வியாபாரிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மற்றதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலைத் திறக்குமுன் என்ன சாப்பிடுவது, எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டல் குறிகளைக் கண்டால் கணக்குப் போடுங்கள். வீட்டுப் பெரியவர்களுடன் போகும்போது, அவர்களுக்காக 'கோசோங்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.