விளையாட்டுக் களமும் விசுவாசச் சாட்சியும்
(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்துவரும் இச்சங்கம், விளையாட்டின் வழியே கிறிஸ்தவ விசுவாசத்தைப் பகிர்தல் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளது. இவ்வவையில் கிறிஸ்தவர்களும் இருக்கிறீர்கள்; பிற சமயத்தவரும் இருக்கிறீர்கள். எனவே அனைவருக்கும் பொதுவான ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒருவர் தம் விசுவாசத்தைத் தாம் ஆடும் முறையால் பிறருக்கு உணர்த்த இயலுமா? இயலும் என்பதே என் துணிபு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. களத்தில் காட்டும் பண்பு, களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியேயும் வரவேண்டும்.

விளையாட்டுக்கும் விசுவாசத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கொரிந்து நகருக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடைபெற்றன. வென்றவருக்குத் தழைகளாலான முடி சூட்டப்பட்டது. அந்நகரத்துச் சபைக்கு நிருபம் எழுதிய அப்போஸ்தலர் பவுல், ஓட்டப் பந்தயத்தையே உவமையாக எடுத்துக்கொண்டார். வாடிப்போகும் முடிக்காக ஓடுபவனே தன்னை இவ்வளவு அடக்கிக்கொள்ளும்போது, வாடாத முடியை நாடுபவன் எவ்வளவு அடக்கம் காக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நாம் இன்று ஆடும் சில ஆட்டங்களும் கிறிஸ்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்தவையே. இறையியல் பயின்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இரண்டு பழக்கூடைகளையும் 13 விதிகளையும் கொண்டு கூடைப்பந்தை உருவாக்கினார். பந்தை ஏந்தி ஓடக்கூடாது, எதிரணியினரை இடித்துத் தள்ளக்கூடாது என்று முரட்டுத்தனத்தை விதியாலேயே தடுத்தார். 1895இல் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, நம் நாட்டுப் பள்ளிகளுக்கு எத்தனையோ உடற்கல்வி ஆசிரியர்களைத் தந்தது.

ஆனால் இந்த நாட்டில் விளையாட்டுக்கு முன்பே சாதி தன் கோட்டைக் கிழித்துவிட்டது. அக்கோட்டைப் பந்து எவ்வாறு சந்தித்தது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் நடந்தது. அங்கே மிஷன் பள்ளியை நடத்திய டின்டேல் பிஸ்கோ என்னும் ஆங்கிலேயப் போதகர், 1891இல் தோற்பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். தோல் தீட்டு என்று கூறி உயர்சாதி மாணவர்கள் அதைத் தொட மறுத்தனர். ஆட்டத்தின் நடுவே ஒரு மாணவனின் முகத்தில் பந்து பட்டுவிட்டது. தீட்டாகிவிட்டதே என்று அவன் கலங்கினான். முகத்தைக் கழுவச் செய்து, ஆட்டத்தைத் தொடரச் செய்தார் பிஸ்கோ. அவர் வற்புறுத்தித்தான் ஆடவைத்தார். அந்த முறையை நான் போற்றவில்லை. ஆனால் ஒன்றை நோக்குங்கள். அப்பள்ளி மாணவர்கள் பிற்காலத்தில் தீயணைக்கச் சென்றனர். நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றினர். நோயாளிகளைப் படகில் ஏற்றி ஏரிக்காற்று வாங்க அழைத்துச் சென்றனர். அங்கே மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. ஞானஸ்நானக் கணக்கைப் பாராமல், பிறர்க்கு உழைக்கும் மனத்தையே அவர் தம் பணியின் பலனாகக் கண்டார்.

இரண்டாவது, நம்மவர் ஒருவரின் வரலாறு. பல்வங்கர் பாலூ கிறிஸ்தவர் அல்லர். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர் சங்கத்தின் ஆடுகளத்தைப் பராமரித்தும், அவர்களுக்குப் பந்து வீசியும் கிரிக்கெட் கலையைக் கற்றார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் ஆடி, எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் புனேயில் அவர் ஆடிய நாட்களில், உடன் ஆடியவர்கள் உள்ளே தேநீர் அருந்த, அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. அவர் கை பட்ட பந்தை அனைவரும் தொட்டனர். அவர் வாய் பட்ட பாத்திரத்தைத் தொட மறுத்தனர். இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு அது 1923இல்தான் கிடைத்தது.

இளைஞர்களே, எல்லைக்கோட்டோடு நின்றுவிடும் நற்பண்பு எத்தகையது என்பதைப் பாலூவின் மண் குவளை நமக்குக் காட்டுகிறது. இக்குறை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதும் அன்று. ஒரே வேதத்தை வாசிக்கும் திருச்சபையிலும், இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்துப் புதைக்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. கல்லறையில் சுவர் எழுப்பிவிட்டுக் களத்தில் கைகுலுக்கினால், அதை எவரும் சாட்சியாக ஏற்கமாட்டார். பிறருக்கு விசுவாசத்தைப் பகிர எண்ணுபவர் முதலில் இடிக்க வேண்டிய சுவர் தம் வீட்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் உண்மையான சாட்சி எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில், 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. ஓய்வு நாளை மதித்து அதில் ஓட மறுத்தார். பின்னர் 400 மீட்டர் ஓட்டத்தில் 47.6 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். ஓட்டம் தொடங்குமுன் எதிராளிகளிடம் சென்று கைகுலுக்குவது அவர் வழக்கம். புகழின் உச்சியில் இருந்தபோதே அதைத் துறந்து, தாம் பிறந்த சீன நாட்டுக்கு மிஷனரி ஆசிரியராகச் சென்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தனர். அங்கேயும் பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை நடத்தினார்; ஞாயிறன்று மட்டும் நடத்துவதில்லை. ஒரு ஞாயிறன்று, நடுவர் இல்லாமல் ஆடிய பிள்ளைகளிடையே சண்டை மூண்டது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமையிலும் அவரே வந்து நடுவராக நின்றார். தங்கப் பதக்கத்துக்காக மாற்றிக்கொள்ளாத தம் வழக்கத்தை, சண்டையிட்ட பிள்ளைகளின் நன்மைக்காக மாற்றிக்கொண்டார். 1945 பிப்ரவரியில் அம்முகாமிலேயே மறைந்தார். அவர் விசுவாசத்தை நாம் இவ்விரு முடிவுகளையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

இனி நம் செயலுக்கு வருவோம். சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்று 28ஆம் பிரிவு கூறுகிறது. இரண்டும் சரியானவையே. ஆகவே பந்தும் சீருடையும் கொடுத்து மதத்துக்கு ஆள் சேர்க்கும் எண்ணத்தைக் கிறிஸ்தவ இளைஞர்கள் அறவே விட்டுவிடுங்கள். ஏழைப் பிள்ளையின் ஆசையைத் தூண்டிலாக்குவது சாட்சி ஆகாது. கேட்பவர் உங்கள் நடத்தையைக் கண்டு, தாமாகக் காரணம் கேட்கட்டும். அப்போது தாழ்மையோடு சொல்லுங்கள்.

நம் மண்ணின் கபடியை எண்ணிப் பாருங்கள். அங்கே தொடுவதுதான் ஆட்டம். தொட்டால் தீட்டு என்று நம்மை ஒதுக்கிய நாட்டில், தொட்டால் புள்ளி என்பது எத்துணை அழகான விதி! எதிரணியினர் உங்கள் மீது கைபடத் தொட்டதை நடுவர் காணாவிட்டாலும், கையை உயர்த்தி ஒப்புக்கொண்டு வெளியேறுங்கள். அந்த ஒரு புள்ளியை இழப்பது, நீண்ட பிரசங்கத்தைவிட உரக்கப் பேசும்.

எதிரணியில் அடிபட்டவனை முதலில் தூக்குபவர் நீங்களாக இருங்கள். வென்ற அணியை வாழ்த்துங்கள். தோற்ற அணியை எள்ளாதீர்கள். தெருவில் நடத்தும் போட்டிகளில் நம் பெண் பிள்ளைகளுக்கும் களத்தில் நேரம் ஒதுக்குங்கள். ஊர்த்தெரு அணியும் காலனி அணியும் ஒரே குடத்தில் நீர் அருந்தி, ஒரே பந்தியில் உண்பதைப் போட்டியின் முதல் விதியாக எழுதுங்கள்.

ஆனால் பொறுமை என்ற பெயரால் இழிவை ஏற்காதீர்கள். தனிக் குவளை நீட்டப்பட்டால், அதை வாங்காமல் அமைதியாக மறுத்துவிடுங்கள். தீண்டாமையை 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. கை ஓங்காமல் சட்டத்தை நாடுவதும் விதிப்படி ஆடுவதே ஆகும்.

பரிசுக் கோப்பைகள் காலப்போக்கில் மங்கிவிடும். ஆனால் உங்களோடு ஆடிய ஒருவன், 'இவர்கள் நேர்மையாக ஆடினார்கள். என்னைச் சமமாக நடத்தினார்கள். தாங்களும் எவருக்கும் தாழ்ந்து நிற்கவில்லை' என்று தன் பிள்ளைகளிடம் சொல்வானாகில், அச்சாட்சி மங்காது. அத்தகைய அணிகளை இச்சங்கம் உருவாக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.