குடல்புண் அறுவையும் பித்தப்பை அகற்றமும்: இரண்டும் சேர்ந்தபின் வரும் செரிமானச் சிக்கல்கள்

குடல்புண்ணுக்கான அறுவையும் பித்தப்பை அகற்றமும் ஒருவருக்கே நடந்திருந்தால், உணவைச் சிறுகச் சிறுகக் குடலுக்கு அனுப்பும் ஏற்பாடு, பித்தநீரைத் தேக்கிவைத்து வேளையறிந்து விடும் ஏற்பாடு ஆகிய இரண்டும் போய்விடுகின்றன. இங்கு எடுத்துக்கொண்டிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரட்டை இழப்பிலிருந்தே பிறக்கின்றன.

1881இல் வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து வெற்றி கண்டார். அடுத்த ஆண்டே பெர்லினில் லாங்கன்புக் பித்தப்பையை அகற்றினார். அமிலச் சுரப்பைக் குறைக்க வேகஸ் நரம்பைத் துண்டிக்கும் முறையை 1943இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் நிலைநாட்டினார். நரம்பைத் துண்டித்து, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை தென்னிந்திய மருத்துவமனைகளில் பல்லாண்டு அன்றாட வேலையாக இருந்தது. பித்தப்பைக்குச் செல்லும் கிளையும் அந்தத் துண்டிப்பில் அறுபடும். அதனால் பித்தப்பை தளர்ந்து, விரிந்து, சரியாகச் சுருங்காமல் கல் கட்ட இடமுண்டு. முதல் அறுவையே சிலருக்கு இரண்டாவதற்கு வழி வகுக்கிறது.

இரு அறுவைகளுக்கும் பின் வரும் தொல்லைகளுள் நோயாளியை மிகவும் வதைப்பது வயிற்றுப்போக்கு. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை இல்லாதபோது, சாப்பிடாத வேளையிலும் அது குடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைச் சிறுகுடலின் கடைப்பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்வது இயல்பு. நரம்பு அறுபட்ட குடலில் உணவு விரைந்து ஓடுவதால் உறிஞ்ச நேரம் போதாது. மிஞ்சிய அமிலம் பெருங்குடலை அடைந்து நீரைச் சுரக்கவைக்கிறது. தண்ணீராக, அடக்க முடியாத அவசரத்தோடு மலம் போகிறது. பேருந்துப் பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் அஞ்சி வீட்டிலேயே முடங்குவோர் உண்டு. இதை மனப்பிரமை என்றோ வெறும் கேஸ் என்றோ ஒதுக்குவது பெருந்தவறு. பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் தூள் பலருக்கு நல்ல பலன் தருகிறது. மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ கொடுக்கவேண்டும்.

அடுத்தது, பித்தநீர் இரைப்பைக்குள் ஏறுதல். மேல்வயிற்றில் ஓயாத எரிச்சலும் கசப்பான மஞ்சள் வாந்தியும் இதன் அடையாளங்கள். வாந்தி எடுத்தாலும் வலி தணிவதில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் இவ்வலி பெரிதாக அடங்காததற்குக் காரணம், அரிப்பது பித்தமாக இருப்பதுதான். எண்டோஸ்கோப்பியில் உறுதியாகி, மருந்துக்கும் கட்டுப்படாத சிலருக்கு மட்டும் ரூ-ஒய் முறையில் பித்தத்தின் பாதையைத் திருப்பும் மறு அறுவை தேவைப்படலாம்.

உணவு ஒரே மூச்சில் குடலில் கொட்டுவதால் வரும் டம்பிங் இரு வகை. சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு வருவது முதல் வகை. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் மிகையால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது இரண்டாவது. மருந்தைவிடச் சாப்பாட்டு முறையே இங்கு முதன்மை: சிறு அளவாகப் பல வேளை உண்ணல், பாயசமும் இனிப்பும் தவிர்த்தல், தண்ணீரையும் மோரையும் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில் குடித்தல்.

1982இல் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டியபின் குடல்புண் அறுவை அருகிவிட்டது. இளம் மருத்துவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. அறுவை செய்துகொண்டவர்களோ முதுமையில் நம் புறநோயாளிப் பிரிவுகளுக்கு வருகிறார்கள். நடுவயிற்றுத் தழும்பைக் கண்டதும், என்ன அறுவை, எந்த ஆண்டு என்று கேட்கவேண்டும். இரும்பும் பி12 உயிர்ச்சத்தும் கால்சியமும் மெல்லக் குறைவதால், சோகையும் பாத மரமரப்பும் எலும்புத் தேய்வும் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். ஆண்டுக்கொரு இரத்தப் பரிசோதனை அவசியம். இரைப்பையில் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு 15, 20 ஆண்டுகளுக்குப் பின் எஞ்சிய பகுதியில் புற்றுநோய் வாய்ப்புக் கூடுகிறது. அவர்களிடம் புதிதாக எடைக்குறைவோ பசியின்மையோ தென்பட்டால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடலாகாது.